அறுபத்தாறில் இல்லாத ஜெபம்

இல்ல தம்பி, பையை எடுக்காண்டாம். நான் ஒதுங்கி இருந்துக்கிடுதேன். திருநெல்வேலிக்குத்தான? நான் பாளையங்கோட்டையில எறங்கிருவேன். ரெண்டு மணி நேரம் ஆகும் பாத்துக்கிடுங்க. இந்த பஸ்காரன் ஊர் ஊரா நுழைஞ்சு வெளிய வருவான்.

மடியில என்னன்னு பாக்கீயளா? வேதாகமம். நீங்க வேதக்காரர் இல்லியோ? ஆமா, திருநீறு பூசியிருக்கீய, நான்தான் கண்ணாடி போடல. நல்லதாப் போச்சு. வேதக்காரர்னா இந்தக் கதையை நான் வாயே தொறக்க மாட்டேன். சொல்லி முடிக்கதுக்குள்ள எந்த சபை, எந்தக் கட்சின்னு கேட்டு எனக்கே புத்தி சொல்ல ஆரம்பிச்சிருவாவ.

எம் பேரு கோயில்பிள்ளை. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஊரு தர்மநேசபுரம். போன வருசம் வரைக்கும் எங்க ஊருல வந்து கோயில்பிள்ளை யாருன்னு கேட்டிருந்தீயன்னா, வேதத்தைக் கரைச்சுக் குடிச்ச ஆளுன்னு சொல்லியிருப்பாவ. இப்ப என்ன சொல்லுதாவளோ தெரியல. நான் காது குடுக்கதில்ல.

என்னை ஏமாத்திட்டாவ தம்பி. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. என் கூட்டாளி ஏமாத்தினான். எங்க ஐயரு ஏமாத்தினாரு. ஐயருன்னா நீங்க நெனைக்க ஐயரு இல்ல, எங்க பக்கத்துல சபையை நடத்துத பாதிரியாரை அப்படித்தான் சொல்லுவோம். சபைக் கமிட்டி மொத்தமா ஏமாத்திச்சு. எல்லாத்துக்கும் முந்தி என் வீட்டுக்காரி. லீதியாள். அவ செத்து ஒண்ணரை வருசம் ஆகுது. செத்தவளை இப்படிச் சொல்லக் கூடாது. தெரியும். ஆனா அவதான் முதல் ஆளு.

உங்களுக்கு விளங்கச் சொல்லணும்லா. எங்க வேதாகமம் ஒரே அட்டைக்குள்ள இருந்தாலும் உள்ள அறுபத்தாறு புஸ்தகம். ஆகமம்னு சொல்லுவோம். பழைய ஏற்பாடு முப்பத்தொம்பது, புதிய ஏற்பாடு இருபத்தேழு. இது நாங்க, சி.எஸ்.ஐ. காரங்க. ஆர்.சி. காரங்க, மாதா கோயில்காரங்க, அவங்க வேதத்தை எடுத்துப் பாத்தீயன்னா எழுபத்து மூணு இருக்கும். ஏழு கூட. தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்குன்னு என்னென்னமோ. அந்த ஏழுக்கும் நாங்க வச்சிருக்க பேரு தள்ளுபடி ஆகமம். நானூறு ஐநூறு வருசத்துக்கு முந்தியே தள்ளியாச்சு. முடிஞ்சுது சோலி. நான் சின்ன வயசுலயே ஓய்வுநாள் பள்ளியில அறுபத்தாறு பேரையும் ஒரே மூச்சுல சொல்லி சோப்பு டப்பா பரிசு வாங்கினவன். இப்பவும் சொல்லுவேன். வேண்டாம், பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாப்பாவ.

என் கூட்டாளின்னு சொன்னேன்லா, அவன் சவரிராயன். ஆர்.சி. எங்கிட்ட வயர்மேனா இருந்தவன். இருபத்தெட்டு வருசம். நான் கம்பத்துல ஏறினா கீழ நிக்கது அவன். அவன் ஏறினா நான் நிப்பேன். லைனை ஆஃப் பண்ணியாச்சுன்னு அவன் சொன்னா நான் டெஸ்டரு வைக்க மாட்டேன், வெறுங்கையால தொடுவேன். அவ்வளவு நம்பிக்கை. அதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க.

ஞாயித்துக்கிழமை அவன் பூசை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வருவான். நான் ஆராதனை முடிஞ்சு வந்திருப்பேன். லீதியாள் காப்பி கொண்டாந்து வச்சிட்டு அடுப்படி நிலையில சாஞ்சு நிப்பா. நாங்க ஆரம்பிச்சிருவோம்.

அவன் எப்பவும் ஒரே எடத்துல வந்து நிப்பான். "அண்ணாச்சி, வேதத்துல உள்ளதை மட்டுந்தான் நம்புவேன்னு சொல்லுதீயல்லா. அறுபத்தாறுன்னு வேதத்துல எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு? முதல் பக்கத்துல அட்டவணை இருக்கே, அதை எழுதினது மோசேயா, பவுலா?"

நான் சும்மா இருப்பேனா? "ஏல, யூதங்க வச்சிருந்தது முப்பத்தொம்பதுதான். அவங்ககிட்ட இல்லாதது நமக்கு எதுக்கு?"

"நல்லாருக்கே. ஏசுவையே ஏத்துக்கிடாத ஆளுகிட்ட போயி லிஸ்டு கேக்கீயளா? சரி, உங்க இருபத்தேழுக்கு யாருகிட்ட கேட்டீய? ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி மேற்றிராணிமாரு, உங்க பேச்சுல பிஷப்புமாரு, கூடி உக்காந்துதான் இது வேணும், இது வேண்டாம்னு சொன்னாவ. அந்தத் திருச்சபை சொன்ன இருபத்தேழு மட்டும் இனிக்கி, அதே திருச்சபை சொன்ன ஏழு கசக்குதோ?"

இந்த எடத்துல மத்தவங்கன்னா மடங்கிருவாவ. நான் மடங்க மாட்டேன். "சபை சொல்லித்தான் வேதம் வேதமாச்சுன்னு நெனைக்கியால? தேவனுடைய சத்தத்துக்கு எவன் சர்டிபிகேட்டும் வேண்டாம். மேய்ப்பன் கூப்புட்டா ஆட்டுக்குத் தெரியும். வசனம் காதுல விழுந்த ஒடனே, இது ஆண்டவர் சத்தம்னு உள்ள ஒண்ணு சொல்லும். சொல்லலைன்னா அது வேதம் இல்ல." அவன் சிரிப்பான். லீதியாள் காலி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிருவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. நல்ல குணம்.

அந்த ஏழையும் நான் படிச்சிருக்கேனான்னு கேக்கீயளா? எதுக்குப் படிக்கணும்? தள்ளினதைப் படிக்கதுக்கா தள்ளினாவ?

இப்ப கல்லு விசயத்துக்கு வாரேன். எங்க கல்லறைத் தோட்டத்துல ஒரு காலத்துல கண்டதையும் கல்லுல எழுத ஆரம்பிச்சிட்டானுவ. சினிமாப் பாட்டு மாதிரி நாலு வரி, கட்சிக்கொடி, என்ன கண்றாவியெல்லாமோ. நான் அப்ப கமிட்டி செக்ரட்டரி. ஒரு தீர்மானம் போட்டேன். கல்லுல பேரு, தேதி, அறுபத்தாறு ஆகமத்துல இருந்து ஒரு வசனம். வேற எதுவும் கூடாது. என் கையெழுத்துதான். மினிட் புஸ்தகத்துல இப்பவும் இருக்கு.

அந்தத் தீர்மானத்துக்கு அப்புறம் ஒரே ஒரு கல்லுதான் மாட்டிச்சு. பொன்மலர்னு ஒரு பிள்ளை, புருசன் இல்ல, ஒத்தை மகன். பைக்குல போயி லாரியில அடிபட்டுட்டான். அவன் கல்லுல அவ என்ன போட்டிருந்தான்னா, நல்லவங்க ஆத்துமா கடவுள் கையில இருக்கு, இனி ஒரு வேதனையும் அதைத் தொடாதுங்கிற மாதிரி ஒரு வசனம். எல்லாரும் நல்ல வசனம்னு சொன்னாவ. எனக்கு மட்டும் உறுத்திச்சு. அறுபத்தாறுல இது எங்க இருக்கு? இல்லியே! விசாரிச்சா, சாலமோனின் ஞானம். தள்ளுபடி! ஆஸ்பத்திரியில யாரோ ஆர்.சி. நர்ஸ் எழுதிக் குடுத்திருக்கா. நான் விடல. அந்த வசனத்தைக் கொத்தி எடுக்க வச்சேன். அந்தப் பிள்ளை கல்லு பக்கத்துலயே உக்காந்து அழுதா. பாவந்தான். நான் என்ன செய்ய? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு. அன்னைக்கு சாயங்காலம் லீதியாள் பொன்மலர் வீட்டுக்குப் போயிட்டு நேரங்கழிச்சுத்தான் வந்தா. சோறு வைக்கலியான்னு கேட்டேன். வச்சா.

எங்க வீட்டுல தெனமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நான் ஒரு அதிகாரம் வாசிப்பேன், ஒரு பாட்டு, அப்புறம் நான் ஜெபம் பண்ணுவேன், கடைசியா அவ பண்ணுவா. மகன் துபாய்க்குப் போனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான். ஒரு பதினோரு வருசமா அவ ஜெபத்தை ஒரே மாதிரிதான் முடிப்பா. "ஆண்டவரே, எங்க ரெண்டு பேருக்கும் இரங்கும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே முதுமை காணும்படி செய்யும்." நான் ஆமென் சொல்லுவேன். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கேன்.

கேக்க நல்லாருக்கும் தம்பி. அவ சொல்லும்போது கண்ணை மூடிக்கிட்டு இருப்பேன்லா, அந்த எடம் வந்தா எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆகும். இது வேத வசனம்னு எனக்குத் தெரியும். யாரும் சொல்லலை, எனக்கே தெரியும். ரூத் புஸ்தகமா, சங்கீதமா, அதுதான் சட்டுனு வரல. பொறவு பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

அவளுக்கு இதயத்துல வால்வு கோளாறு. மூணு நாளுதான் ஆஸ்பத்திரியில கெடந்தா. ரெண்டாம் நாள் என் கையைப் பிடிச்சு, "என் கல்லுல அந்த ஜெபத்தைப் போடுவீயளா?"ன்னு கேட்டா. பைத்தியமாட்டி உனக்கு, கல்லைப் பத்தி இப்ப என்ன பேச்சுன்னு ஏசினேன். "போடுவேன்னு சொல்லுங்க"ன்னா. சரி போடுதேன்னு சொன்னேன். எந்த அதிகாரம்னு நான் கேக்கல. கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போகும்லா. அவளும் சொல்லல. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, இது அந்தப் புஸ்தகம்னு சொல்லியிருக்கலாம். இதை ஏமாத்துன்னு சொல்லாம என்னன்னு சொல்ல?

அவளுக்கு அறுபத்து மூணு வயசு.

கல்லு செய்யும்போது கொத்தனார் கேட்டான், "ஐயா, வசனத்துக்குக் கீழ என்ன போட? ஆகமம், அதிகாரம் சொல்லுங்க." ஒத்தவாக்கியம்னு ஒரு புஸ்தகம் இருக்கு. ஒரு வார்த்தையைச் சொன்னா அது வேதத்துல எங்கெங்க வருதுன்னு காட்டும். அதைப் புரட்டினேன். அகப்படல. வேற ஏதாவது மொழிபெயர்ப்புல உள்ளதா இருக்கும்னு நெனச்சேன். ஐயருகிட்ட கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வயசுப் பையன்கிட்ட போயி, வசனம் எங்க இருக்குன்னு கோயில்பிள்ளை கேக்கவா? "வேதவாக்குன்னு மட்டும் போடுல, எல்லாருக்கும் தெரிஞ்ச வசனந்தான்"னு சொல்லிட்டேன். கமிட்டியில யாரும் ஒண்ணும் கேக்கல. கோயில்பிள்ளை போடுத கல்லுல யாரு கேள்வி கேப்பா?

முதல் வருச நினைவு நாளுக்குக் கல்லைத் தொறந்தோம். மகன் துபாயில இருந்து வந்திருந்தான். சபையே வந்திருந்துது. ஐயரு துணியை எடுத்துட்டு, கல்லுல இருந்ததைச் சத்தமா வாசிச்சாரு. நெறைய பேரு கண்ணைத் தொடைச்சாவ. அப்ப சவரிராயன் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வாரான். கண்ணெல்லாம் தண்ணி. வந்து என்னைக் கெட்டிப் பிடிச்சிக்கிட்டான். "அண்ணாச்சி! ஒத்துக்கிட்டீயளா அண்ணாச்சி! தோபித்து எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம்! எங்க கல்யாணப் பூசையில வாசிக்கதுல்லா இது. கல்லுலயே கொத்திட்டீயளே! உங்க மனசு யாருக்கு வரும்?"

தோபித்து! தள்ளுபடி! அத்தனை பேரும் என் மூஞ்சியவே பாக்காவ. பொன்மலரும் நிக்கா. நான் அவன் கையைத் தட்டி விட்டேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஈரத்துணியைக் கொடியில போட்டுக்கிட்டிருந்தான். நான் உக்காரல. "லீதியாளுக்கு அந்த ஏழும் உள்ள புஸ்தகத்தை நீதான் குடுத்தியால?"

"ஆமா அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிஞ்சுதான் கல்லுல போட்டீயன்னு நான் நெனச்சேன்."

"என் வீட்டுக் காப்பியைக் குடிச்சிக்கிட்டே எனக்குத் தெரியாம எம் பொண்டாட்டிக்குத் தள்ளுபடி ஆகமம் குடுத்திருக்க. இருபத்தெட்டு வருசம் உன்னை நம்பிக் கம்பத்துல ஏறினேன்லல!"

அவன் கையில இருந்த துணியையும் கொடியில போட்டான். அப்புறம் சொன்னான். "நான் கொண்டு போய்க் குடுக்கல. அவியளா வந்து கேட்டாவ. பொன்மலர் மகன் கல்லைக் கொத்தின வாரம். நான் சொன்னேன், மைனி, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விட மாட்டாவன்னு. அதுக்கு அவிய என்ன சொன்னாவ தெரியுமா? 'இவிய இருபது வருசமா அந்தப் புஸ்தகத்தை ஏசுதாவ. ஒரு பக்கம் படிச்சதில்ல. எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் படிக்கணும்லா.'"

பாத்தீயளா? எம் முதுகுக்குப் பின்னால நின்னு எப்படிப் பேசியிருக்கா! கேள்வின்னா எங்கிட்டல்லா கேக்கணும். நான் சொல்ல மாட்டேனா? முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தியிருக்கோம், அவ எங்கிட்ட வேதத்துல ஒரு சந்தேகம் கேட்டது கெடையாது. ஒரு தடவை கேட்டா. அடுப்படியில நின்னுக்கிட்டு, அந்த ஏழுல என்னதான் எழுதியிருக்குன்னு கேட்டா. உனக்கு எதுக்குட்டி அதெல்லாம்னு சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. அதான் சொல்லுதேன், கேட்டிருக்கலாம்லா.

புஸ்தகம் தையல் மிசின் டிராயர்ல இருந்துது. நூல்கண்டுக்குக் கீழ. நான் அந்த டிராயரை என்னைக்குத் தொறந்தேன்? அந்த வசனத்துக்கு அடியில பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கா. கோடு அழிஞ்சு அழிஞ்சு, மறுபடியும் போட்டிருக்கா.

படிச்சேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் படிச்சேன், அதை மட்டும் நீங்க நம்பணும். தோபித்துன்னு ஒரு பெரியவரு, கண்ணுல குருவி எச்சம் விழுந்து குருடாயிருதாரு. மகனைத் தூர ஊருக்கு அனுப்புதாரு. கூட ஒரு தேவதூதன் மனுசன் வேசத்துல போறாரு. ஒரு நாயும் போவுது. அந்த நாய்க்குக் கதையில ஒரு வேலையும் கெடையாது தம்பி, சும்மா கூடவே போவுது. சிரிச்சிட்டேன். இதையா வேதம்னு வச்சிருக்கானுவன்னு. அப்புறம் அந்த எடம் வருது. ஒரு பொண்ணு. ஏழு மாப்பிள்ளை கட்டி ஏழு பேரும் கல்யாணத்தன்னைக்கே செத்துப் போறானுவ. இந்தப் பையன் எட்டாவது ஆளு. விடிஞ்சா உசுரோட இருப்பானான்னு தெரியாது. வெளிய மாமனாரு குழி வெட்டி வச்சிட்டு நிக்காரு. உள்ள அவனும் அவளும் எந்திரிச்சு நின்னு கேக்காவ, எங்களைச் சேர்ந்தே கிழடாக வையும்னு.

நான் புஸ்தகத்தை மூடி வச்சிட்டேன். நூல்கண்டுக்குக் கீழயே வச்சிட்டேன்.

அப்புறம் கமிட்டி. ஆராதனை முடிஞ்சு கோயில் பக்கத்து ரூம்ல கூடினோம். என் தீர்மானத்தை எனக்கே வாசிச்சுக் காட்டினாவ. செக்ரட்டரி சின்னப் பையன், திக்கித் திக்கி வாசிக்கான், என் கையெழுத்து அவனுக்குப் புரியல. நானே வாங்கி வாசிச்சேன். வாசிச்சு முடிச்சதும் ஒரு வழி கேட்டேன். வேதவாக்குங்கிறதை மட்டும் கொத்தி எடுத்துட்டு, லீதியாளின் ஜெபம்னு போட்டிரலாமான்னு. தீர்மானத்துல எடமில்லன்னாவ. உண்மைதான். வசனம் தவிர வேற எதுவும் கூடாதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன்.

ஐயரு எந்திரிச்சாரு. மரியாதையாத்தான் பேசினாரு, அதைக் குறை சொல்ல மாட்டேன். "ஐயா, நீங்கதான் வேதபாட வகுப்புல எங்களுக்குச் சொல்லுவீங்க. ஆண்டவருடைய சத்தம் கேட்டா உள்ளுக்குள்ள தெரியும்னு. அம்மா அந்த ஜெபத்தைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு எப்படி இருந்துது? அது ஆண்டவர் வார்த்தைன்னு உங்க மனசுக்குப் பட்டிருந்தா, ஒரு வார்த்தை இங்க சொல்லுங்க. அம்மாவுக்காக இந்த ஒரு கல்லை விட்டுருவோம். நான் பொறுப்பு."

எப்பேர்ப்பட்ட கண்ணி பாத்தீயளா? எல்லாரும் என்னையே பாக்காவ. நான் என்ன சொல்ல முடியும்? ஆமான்னு சொன்னா, முப்பது வருசம் நான் பேசினதெல்லாம் என்ன? சவரிராயன் என்ன நெனைப்பான்? பொன்மலர் அங்க உக்காந்திருக்கா, அவளும் இப்ப கமிட்டியில ஒரு ஆளு. அவ மகன் கல்லுக்கு என்ன பதில்?

எந்திரிச்சு நின்னேன். "எனக்கு எப்படி இருந்துதுங்கிறது கேள்வியே இல்ல. அது வேதம் இல்ல"ன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

ஐயரு தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. கல்லைக் கொத்தணும்கிறவங்க கை தூக்குங்கன்னாவ. ஒம்பது கை. இருக்கட்டும்கிறதுக்கு ஒரே கை. யாரு தெரியுமா? பொன்மலர். என்னைக் குத்திக் காட்டணும்னு தூக்கினா. வேற எதுக்கு? வெளிய வரும்போது பக்கத்துல வந்து, "அண்ணாச்சி, மைனி எனக்கு அந்தப் புஸ்தகத்துல இருந்து நெறைய வாசிச்சுக் காட்டியிருக்காவ. என் மகன் கல்லுல இருந்ததையும் வாசிப்பாவ"ன்னு சொல்லுதா. லீதியாள் ஆறுதல் சொல்லப் போறேன்னு வாரா வாரம் அவ வீட்டுக்குப் போனதுல இதுதான் நடந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு.

செவ்வாக்கிழமை கொத்தினான். நான் போகல. மறுநாள் போய்ப் பாத்தேன். பேரு இருக்கு, தேதி இருக்கு, கீழ சொரசொரன்னு ஒரு பட்டை. கையை வச்சுப் பாத்தேன், குத்துது. வேற வசனம் குடுங்க ஐயா, அதுல தகடு பதிச்சிரலாம்னு கொத்தனார் போன் மேல போன் போடுதான்.

நான் சொன்னேன், இருல, அவசரப்படாத. அவ கேட்டதையே போடுதேன். அந்தப் புஸ்தகத்துல இருந்து இல்ல, நம்ம வேதத்துல இருந்தே எடுத்துத் தாரேன்னு. இருக்காதா? உலகத்துல உள்ள எல்லாம் இருக்க வேதத்துல, புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து கிழடாகணும்னு கேக்க ஒரு ஜெபம் இருக்காதா? ஆதியாகமத்துல ஆரம்பிச்சேன். ஒரு வரி விடல.

ஆபிரகாமும் சாராளும் கிழவன் கிழவி ஆனாவ. ஆனா யாரும் கேக்கல, தானா ஆனாவ. அவ செத்ததும் அடக்கம் பண்ண எடம் தேடிக்கிட்டு அலையுதாரு. சங்கீதத்துல ஒருத்தரு, வயசான காலத்துல என்னைக் கைவிட்டிராதேயும்னு கேக்காரு. என்னையாம், ஒத்தை ஆளு. பிரசங்கியில, பொண்டாட்டியோட சந்தோசமா இருன்னு இருக்கு. அது புத்திமதி, ஜெபம் இல்ல. யோபு பொண்டாட்டி, தேவனைத் தூஷிச்சிட்டுச் செத்துப் போன்னு புருசனைப் பாத்துச் சொன்னவ. சகரியாவும் எலிசபெத்தும் கிழட்டு வயசு வரைக்கும் ஒண்ணா இருந்தாவ, கேட்டது பிள்ளை. அன்னாள்னு ஒரு அம்மா, ஏழே வருசம் வாழ்ந்துட்டு எண்பது வயசுக்கு மேல வரைக்கும் கைம்பொண்டாட்டியாக் கோயில்ல கெடந்தா. நடுவுல எசேக்கியேலுக்கு வந்தேன், அவரு ஒரு தீர்க்கதரிசி. உன் கண்ணுக்குப் பிரியமானவளை உங்கிட்ட இருந்து எடுக்கப்போறேன், நீ அழக் கூடாதுன்னு ஆண்டவர் சொல்லுதாரு. சாயங்காலம் அவரு பொண்டாட்டி செத்துப் போறா. அன்னைக்கு மூடி வச்சவன் மூணு நாள் தொறக்கல தம்பி. முதல் தடவையா அந்தப் புஸ்தகத்து மேல எனக்குக் கோவம் வந்துது.

இல்ல. ரெண்டு தடவை முழுசா வாசிச்சிட்டேன். வெளிப்படுத்தல் கடைசி வசனம் வரைக்கும். இல்ல. எல்லாரையும் விட இதுதான் என்னை ஏமாத்திச்சு. இதுக்காகத்தான ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போட்டேன்? கூட்டாளியை விட்டேன், அவளையும் எந்திரிச்சு நின்னு இல்லன்னு சொன்னேன். ஒரே ஒரு வரி கேட்டேன். வச்சிருக்கக் கூடாதா?

பாளையங்கோட்டையில ஒரு ரிட்டயர்டு ஐயருகிட்ட பெரிய ஒத்தவாக்கியம் இருக்காம், பழசு, ரெண்டு பாகம். அதுல இன்னொரு தடவை தேடிட்டு வரலாம்னுதான் போறேன். இருக்காதுன்னு தெரியும். வீட்டுல உக்கார முடியல. ஏழு மணி ஆனா ஜெபத்துக்கு உக்காருதேன், நான் முடிச்சதும் அடுத்தது அவதான்னு பழக்கத்துல கண்ணை மூடிக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் கேக்கதில்ல. ஆமென் சொல்லாமலே எந்திரிச்சிருதேன்.

இந்தா, ஸ்டாப்பு வந்துட்டு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி.

ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஆளுக புஸ்தகத்துல, தேவாரமோ என்னமோ வச்சிருப்பீயல்லா, அதுல எங்கயாவது புருசனும் பொண்டாட்டியும் அப்படிக் கேக்க எடம் இருக்கா?

வேண்டாம், சொல்லாதீங்க. இருந்துட்டா, அதையும் நான்தான எந்திரிச்சு நின்னு வேதம் இல்லைன்னு சொல்லணும்.